மைனா உட்கார்ந்த வாசல்

போன மாதம் ஒரு சாயங்காலம் சுரேஷ் போன் செய்தான். மோப்ப நாய் பிரிவில் எனக்குப் பிறகு வந்தவன். நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர்களில், இன்னும் என் நம்பரை வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணாத்தே, டிவி பாத்துகினு கீறியா?"

"இல்லடா, மைனாவுக்கு உண்ணி எடுத்துகினு கீறேன்."

"அத்த வுட்டுட்டு டிவியப் போடு. கஞ்சாவ மருந்துக்கு வுட்ரணும்னு ஒர்த்தன் கத்தறான். வுட்டா நாடே நாசமாப் பூடும்னு இன்னொர்த்தன் கத்தறான். நடுவுல ஒரு அம்மா, ரெண்டு பேரயும் பேச வுடாம அதுவே பேசுது."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"இல்லண்ணாத்தே, புதுசா ஒரு குட்டி வந்துகீது. இப்பத்தான் வாசன காட்டணும். நாளைக்கு கஞ்சா மருந்துன்னு ஆயிட்ச்சுன்னா, கத்துகின நாய் மறக்காதே. வெளிநாட்டுல அப்டித்தான் எத்தினியோ நாய வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இதுக்குக் கத்துக்குடுக்கறதா வாணாவா?"

கேள்வி நியாயமான கேள்வி. டிவியில் கத்தியவர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மைனா என் மடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவளும் நானும் ஏறக்குறைய ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். எனக்குப் பென்ஷன், அவளுக்கு நான். கோவில்பதாகையில் என் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் இடம் அவளுடையது. என் மனைவி உட்கார்ந்தால்கூட முறைக்கிறாள்.

மைனா ஒரு லாப்ரடார். லாப்ரடாருக்கு மைனா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் வரும்போதே அந்தப் பெயரோடுதான் வந்தாள்.

ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாய்க்குக் கஞ்சா கொடுத்துத்தானே சார் பழக்குவீங்க? அது அடிமையாகி, அந்த வெறியில்தானே தேடுது?" ஆவடி மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரிலிருந்து என் சொந்தச் சம்பந்தி வரைக்கும் கேட்டுவிட்டார்கள். சிரிப்புத்தான் வரும். நாயைப் பொறுத்தவரை கஞ்சா என்று ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. பந்து என்று ஒன்று உண்டு. இந்த வாசனை வருகிற இடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் பந்து வரும். அவ்வளவுதான் அதன் சட்டம். பயிற்சிக் காலம் முழுக்க நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அது ஒன்றுதான். அதைவிட, நான் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் அதிகமாக இருந்தது. பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால், நாயைப் பிடித்திருக்கும் ஹேண்ட்லரின் கயிறு அந்த இடத்தில் லேசாகத் தளரும். நாய் அதைப் படித்துவிட்டு, மூக்கை உபயோகிக்காமலே உட்கார்ந்துவிடும். ஹேண்ட்லரைச் சந்தோஷப்படுத்த அதற்கு அவ்வளவு ஆசை. அதனால் பயிற்சியில் ஒளித்து வைக்கும் இடத்தை எனக்கும் சொல்லமாட்டார்கள்.

பந்துக்கும் கறாரான விதி உண்டு. பொருள் கையில் கிடைத்து உறுதியானால்தான் பந்து. சந்தேகத்துக்குப் பந்து இல்லை. உறுதியாகிவிட்டால் அந்த நிமிடமே, அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்தாலும் போதாது. குரலை உயர்த்திக் கொஞ்ச வேண்டும், குதிக்க வேண்டும், உலகத்திலேயே பெரிய சந்தோஷம் இதுதான் என்று அதற்குக் காட்ட வேண்டும். மீசை வைத்த போலீஸ்காரன் ரோட்டில் நின்றுகொண்டு, "யாருடீ என் தங்கம், யாருடீ என் செல்லம்" என்று கீச்சுக் குரலில் ஆடுவதைப் பார்த்து எத்தனையோ அக்யூஸ்டுகள் கைவிலங்கோடு சிரித்திருக்கிறார்கள்.

இந்த வேலையில் எத்தனையோ அதிகாரிகள் பின்னால் நாயைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். மனதில் நிற்பவர் ஒருவர்தான், இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி. எங்களுக்கு மங்கை மேடம். போதைப்பொருள் ரெய்டுகளுக்கு அவர் கூப்பிட்டால் மைனாவும் நானும் போவோம். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. ஜீப்பில் அவர் பேசுவது பின் சீட்டில் இருக்கும் எங்களுக்கே கேட்காது. ஆனால் அவர் சொன்னது எதுவும் நடக்காமல் போனதாக ஞாபகம் இல்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள். ஆந்திரப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் பைகளை வரிசையாக வைக்கச் சொல்லி மைனாவை விட்டேன். பெயின்ட் அடிக்கும் வேலைக்காரர் ஒருவரின் சோற்றுப் பைக்கு முன்னால் மைனா உட்கார்ந்துவிட்டாள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஆள், "நான் இல்ல மேடம், என் புள்ள மேல சத்தியமா நான் இல்ல" என்று அழுதார். பையைக் கொட்டிப் பார்த்தால் டிபன் பாக்ஸும் பிரஷ்ஷும் ஒரு லுங்கியும்தான். பஸ்ஸின் மேல்தட்டில் வேறு யாருடைய மூட்டையோடோ உரசி வந்த வாசனை அது. மூட்டைக்காரன் நடுவழியில் இறங்கியிருப்பான்.

எனக்கு அவமானமாக இருந்தது. நாய் தப்பு செய்துவிட்டது என்று முணுமுணுத்தேன். மேடம் என்னைப் பார்த்து, "நாய் தப்பு பண்ணல ஏழுமலை. வாசனை உண்மை. இவர் மேல தப்பில்லங்கறதும் உண்மை. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம்" என்றார். பிறகு குனிந்து அந்த லுங்கியையும் பிரஷ்ஷையும் தன் கையாலேயே பையில் எடுத்து வைத்தார். அத்தனை செல்போன்களுக்கும் முன்னால், "மன்னிச்சுக்கோங்கய்யா, எங்களால உங்களுக்கு நேரம் போச்சு" என்றார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பொது இடத்தில் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

வீட்டுக்குள் சோதனைக்குப் போகும்போது அவருக்கென்று ஒரு முறை உண்டு. சோதனை போடுகிறவர்கள், உள்ளே நுழையும் முன் தங்களையே சோதித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். நாங்கள் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சோதனை முடிந்ததும் சாட்சிகளோடு எழுதும் மகஜரில் இந்த வரி எப்போதும் இருக்கும். நிஜத்தில் கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றவர் நான் பார்த்த அளவில் மங்கை மேடம்தான். அடுத்தது ஷூ. எவ்வளவு மோசமான ரவுடி வீடானாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்களும் கழற்ற வேண்டும். மைனாவின் நாலு காலையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவது என் பொறுப்பு. ஒரு எஸ்.ஐ. பொறுக்கமாட்டாமல் ஏன் என்று கேட்டுவிட்டார். "அந்தத் தரையில குழந்தைங்க உருளும்" என்றார் மேடம், அதற்கு மேல் விளக்கம் இல்லை.

கள்ளிக்குப்பம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் மேடத்துக்குப் போன் செய்திருந்தார். சீனிவாசன் என்று பெயர், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் ஒரு ஐ.டி. குடும்பத்துக்கு மாதாமாதம் பார்சல் வருகிறதாம். பெட்டியின் மேல் ஒரு இலை படம் இருக்கிறதாம். அது என்ன இலை என்று தனக்குத் தெரியும் என்றாராம். நாங்கள் போய் இறங்கியதும் கேட் அருகிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், இது ஃபேமிலிங்க இருக்கிற இடம். விடாதீங்க. பார்க்க ரொம்ப சாதுவா இருப்பான் அந்தப் பையன்."

மத்தியான வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இரண்டாவது மாடிப் படிக்கட்டில் ஏறும்போதே மைனாவின் மூக்கு மாறிவிட்டது. அந்த வீட்டு வாசலில் கிடந்த சின்னச் செருப்புகளைத் தாண்டிக் கதவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்தவன் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முத்துக்குமார், தென்காசிப் பக்கம். பின்னால் அவன் மனைவி உமா. மேடம் விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஷூவைக் கழற்றினார். கையை விரித்துக்கொண்டு நின்று, "நீங்க வாங்கம்மா, முதல்ல எங்களைச் சோதிச்சுக்கோங்க" என்றார்.

உமாவுக்குப் புரியவில்லை. போலீஸைத் தொடுவதா என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. பாக்கெட்ல எல்லாம் கை விட்டு நல்லா பாருங்க. இது உங்க உரிமை."

அவள் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டுப் பார்த்தாள். நான் உட்கார்ந்து மைனாவின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்தாள். தலையில் மெத்தென்ற ஹெல்மெட் மாதிரி ஒன்று, தாடைக்குக் கீழே பட்டை. கொஞ்சம் தள்ளாடிய நடை. ஆறு வயது இருக்கலாம். யாழினி என்று பிறகு தெரிந்தது.

"நாய் காலு கழுவுதா?" என்று கேட்டாள்.

"ஆமா பாப்பா, உங்க ஊட்டுக்கு வர்துல்ல."

உள்ளே விட்டேன். சோபா, கட்டில், அலமாரி எதையும் மைனா மதிக்கவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மைனாவின் வயிறு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னாலும் இப்படித்தான் உட்காருவாள். ஆனால் அந்த உட்காருதல் வேறு, இது வேறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில், மிளகாய்ச் சட்னிக்குப் பக்கத்தில், சொட்டு மருந்துக் குப்பிகள் இரண்டு. ஒன்று பாதி தீர்ந்தது. இன்னொன்று பெட்டி பிரிக்காதது. பெட்டியின் மேல் அந்த இலை. உள்ளே இருப்பது கஞ்சா இலைச் சாறு என்றும் வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தார்கள்.

"மேடம், அது எம்புள்ளைக்கு மருந்து மேடம்" என்றான் முத்துக்குமார். "நான் ஒளிச்செல்லாம் வைக்கல, பாத்துக்கிடுங்க. டாக்டர் எழுதித் தந்திருக்காரு. ஆயுர்வேதக் கம்பெனி, லைசென்ஸ் உள்ளது. வலிப்பு மேடம் அவளுக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணுறத விட்டுட்டோம். எல்லா மாத்திரையும் குடுத்துப் பாத்தாச்சு."

உமா அழுதுகொண்டே, "இத குடுக்க ஆரம்பிச்சப்புறம் முழுசா நிக்கல மேடம். ஆனா கொறஞ்சிருக்கு. பள்ளிக்கூடத்துல சேத்துருக்கோம்" என்றாள்.

என் வேலை முடிந்துவிட்டது. நாய் காட்டியது, பொருள் கிடைத்தது, உறுதியும் ஆகிவிட்டது. பந்து கொடுக்க வேண்டும். ஆனால் பேன்ட் பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வரவில்லை. ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கும் சமையலறையில் நான் எப்படிக் குதித்துக் கொஞ்சுவேன்? அந்தப் பந்தைப் போட்டால், 'மாட்டிக்கிட்டீங்க' என்று அவர்கள் முகத்தில் சொல்வது போல ஆகாதா? மைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் நுனி மட்டும் தரையைத் தட்டியது.

"ஏழுமலை, பந்து எங்க?"

"மேடம், இப்பப் போயி..."

"அது சரியா சொல்லிடுச்சு. அதுக்குச் சேர வேண்டியதைக் குடு. யார் மேல குத்தம், குத்தமே உண்டா இல்லையான்னு பார்க்கிறது அதோட வேலை இல்ல. என்னோட வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

பந்தை எடுத்தேன். "யாருடீ என் தங்கம்" என்ற குரல் தொண்டையில் சிக்கி ஒரு மாதிரியாக வந்தது. மைனாவுக்கு அதெல்லாம் பேதமில்லை. பந்தைக் கவ்விக்கொண்டு அந்தச் சின்னச் சமையலறையில் சுற்றிச் சுற்றிக் குதித்தாள். உமா இன்னும் பெரிதாக அழுதாள். மேடம் அவள் பக்கம் திரும்பி, "அம்மா, அது நாய்க்கு. உங்களைப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார். அந்த நேரத்தில் யாழினி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் எல்லோருக்கும் நடுவில் அந்தக் குழந்தைக்கும் நாய்க்கும் மட்டும்தான் அன்று நல்ல நாள்.

கூட வந்த எஸ்.ஐ., மேடத்தின் காதருகே போய், "கேஸ் போட்டுரலாம் மேடம். நமக்கு எதுக்கு வம்பு, கோர்ட்ல பாத்துக்கட்டும்" என்றார்.

"கோர்ட்ல பாத்துக்கட்டும்னு அனுப்பி வைக்கிறதுக்கு போலீஸ் எதுக்கு? ஒரு போஸ்ட்மேன் போதுமே" என்றார் மேடம். "கேஸ் போட்டா இந்தப் பையன் இன்னிக்கு ராத்திரி லாக்கப்ல. வேலை போயிடும். குழந்தைக்கு மருந்து நிக்கும். அப்புறம் கோர்ட் விடுதலைன்னு சொன்னா, இதுல எதைத் திருப்பிக் குடுப்ப?"

மேடம் கோபப்படாமல் எஸ்.ஐ.க்கு விளக்கினார். நம் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயும் உள்ள நுனியை. அது சேராத தனி இலை அந்தச் சொல்லுக்குள் வராது. இலையிலிருந்து மருந்து செய்ய லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் இலை என்று பெட்டியில் போட்டுவிட்டு வேறு எதையாவது அடைத்து விற்பவனும் இருப்பான். இவர்கள் வாங்கியது எதுவென்று ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு முடிவு சொல்ல முடியாது. "எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார். தெரியாது என்று சொல்லும் அதிகாரியை எனக்கு அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கும்.

மருந்து எழுதிய டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார். குழந்தையின் பெயர், நோய், அளவு எல்லாம் கேட்டுச் சரிபார்த்தார். மருந்துக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. உமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சொட்டு கொடுக்க வேண்டும் என்றாள். தவறினால் அன்று இரவே வரும், நாங்கள் பட்டிருக்கிறோம் என்றாள்.

மேடம் இரண்டு குப்பிகளையும் கையில் எடுத்தார். பிறகு பிரிக்காத பெட்டியைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, அரக்கை உருக்கி சீல் வைத்தார். சாட்சிகளின் கையெழுத்து வாங்கினார். பாதி தீர்ந்த குப்பியை உமாவின் கையிலேயே கொடுத்தார்.

"இது உங்க குழந்தையோடது. நேரத்துக்குக் குடுங்க."

எஸ்.ஐ. பதறிப்போனார். "மேடம், ஒண்ண விட்டுட்டுப் போனோம்னு மேல கேட்டா?"

"விட்டுட்டுப் போறேன்னு மகஜர்ல நானே எழுதியிருக்கேன். ஏன்னும் எழுதியிருக்கேன். உங்க பேரு அதுல இல்ல, கவலைப்படாதீங்க."

அவருக்கு அப்போது பதவி உயர்வு நேரம். இதை யாராவது பிடித்துக்கொண்டு, கஞ்சா மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் என்று கிளப்பியிருந்தால் முடிந்தது கதை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியே உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டார்.

கீழே சீனிவாசன் காத்துக்கொண்டிருந்தார். கைது செய்து அழைத்து வரவில்லை என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"மருந்துன்னு சொன்னானா? நீங்களும் நம்பிட்டீங்களா? மருந்தாம் மருந்து! என் பையனும் இப்படித்தான் மேடம் சொன்னான். தூக்கம் வருது, டென்ஷன் போகுதுன்னான். வேலப்பன்சாவடி பக்கம் காலேஜுக்கு அனுப்பினேன். அந்த இலையை டீ-ஷர்ட்டுல போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். இன்னிக்கு ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கறான். அவங்கம்மா தட்டுல சோத்தைப் போட்டு வாசல்ல வெச்சுட்டு வரா."

மேலே பார்த்ததும் பொய்யில்லை, கீழே கேட்டதும் பொய்யில்லை. இரண்டு மாடி இடைவெளியில் இரண்டு அப்பாக்கள். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. மேடம் அவரை அடக்கவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. பையனை எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். காட்டவில்லை, வெளியே தெரிந்தால் அவமானம் என்றார் அவர். மேடம் தனக்குத் தெரிந்த ஒரு மறுவாழ்வு மையத்தின் டாக்டர் நம்பரை அவர் போனிலேயே பதிந்து கொடுத்தார். "நான் சொன்னேன்னு சொல்லுங்க. கேஸ் எதுவும் வராது" என்றார். கடைசியாக, "நீங்க போன் பண்ணது தப்பில்ல சார். சந்தேகம் வந்தா சொல்லணும்" என்றும் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. சீல் வைத்த குப்பி ஆய்வகத்துக்குப் போய்விட்டது. முத்துக்குமார் புதிதாக ஆர்டர் போடப் பயந்தான், அதுவும் கேஸில் சேருமோ என்று. வீட்டில் இருந்த பாதிக் குப்பி ஒவ்வொரு சாயங்காலமும் குறைந்துகொண்டிருந்தது. எத்தனை சாயங்காலம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. மைனாவுக்குச் சோறு பிசையும்போதெல்லாம் அந்த ஹெல்மெட் குழந்தைதான் ஞாபகத்தில் வரும். நான் பழக்கிய மூக்குதானே அந்த ஃப்ரிட்ஜைக் காட்டிக்கொடுத்தது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மேடம் இதை ஒரு கடிதம் எழுதிக் கேட்டதோடு விட்டுவிடவில்லை. லைசென்ஸ் அதிகாரியின் ஆபீசுக்கு நேரில் போய் உட்கார்ந்தார். நாளைக்கு வாங்க என்றால் நாளைக்கும் போனார். ஆய்வகத்தில், இது குழந்தை குடிக்கிற மருந்து, தயவுசெய்து முன்னால் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. லைசென்ஸ் உண்மை. குப்பிக்குள் இருந்ததும் பெட்டியில் சொன்னதுதான். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"கள்ளிக்குப்பம் போகணும் ஏழுமலை. வா."

"நாய் எதுக்கு மேடம்?"

"நாய் வேண்டாம். நீ வா. அன்னிலேர்ந்து உன் மூஞ்சி சரியில்ல."

உமா கதவைத் திறந்தாள். மேடம் வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சீல் உடைத்த பெட்டியை அவள் கையில் வைத்தார். உமா ஓடிப்போய்ப் பழைய குப்பியை எடுத்து வந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம்தான். அன்று சாயங்காலத்துக்கு வரும், அடுத்த நாளுக்கு வராது. முத்துக்குமார் கும்பிட வந்தான். மேடம் அவன் கையைக் கீழே இறக்கிவிட்டு, "தண்ணி குடுங்க, வெயில்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷூ மாட்டுகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கீழே சீனிவாசனிடம் மேடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அவங்க பார்சல் வந்தா நிறுத்தாதீங்க சார், மேல அனுப்பிடுங்க." அவர் மனது மாறிவிட்டதாக நான் பொய் சொல்லமாட்டேன். மருந்தோ மண்ணாங்கட்டியோ, அந்தச் செடியே ஆகாது என்றுதான் இன்றும் சொல்கிறாராம். ஆனால் பார்சலை மேலே அனுப்பிவிடுகிறார். பையனை அந்த டாக்டரிடம் அழைத்துப்போகவும் ஆரம்பித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டிவியில் கத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டடம்தான் ஞாபகம் வருகிறது. ஒருவர் மேல்மாடியை மட்டும் பார்க்கிறார், ஒருவர் கீழ்மாடியை மட்டும். மருந்தாகுமா ஆகாதா, எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். ஆகும் என்று அவர்கள் சொல்வதைத் தேவைப்படும் குழந்தைக்குப் பயமில்லாமல் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. காலேஜ் வாசலில் பொட்டலம் விற்கிறவனை விடக்கூடாது என்பதும் என் கட்சிதான். ஒரே ஆளுக்கு இரண்டு கட்சி இருக்கக் கூடாதா என்ன? மங்கை மேடத்திடம் வேலை பார்த்தவனுக்கு இருக்கும்.

சுரேஷுக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருந்தபோதுதான் இது நடந்தது. என் மகளும் கள்ளிக்குப்பத்தில்தான் குடியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மைனாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினேன். திங்கட்கிழமை காலையில் அவளை நடக்கக் கூட்டிப் போனேன். இப்போது அவளுக்கு நடை தளர்ந்துவிட்டது. வழியில் இருக்கும் எல்லாக் கம்பத்தையும் விசாரித்துவிட்டுத்தான் வருவாள். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் நிற்கும் முனைக்கு வந்ததும் கயிறு விறைத்தது. மைனா பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து போய், சீருடை போட்ட ஒரு சிறுமிக்கு முன்னால் நின்றாள். மூச்சைப் பிடித்தாள். பின்னங்காலை மெதுவாக மடக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு என் கண்ணைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். உமா. பிள்ளையின் தலையில் ஹெல்மெட் இல்லை. இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது.

"அய்யோ சார், நீங்களா!" என்றாள் உமா. "இப்ப காலையிலயும் சொட்டு குடுக்கச் சொல்லிருக்காங்க, குடுத்துட்டுத்தான் கூட்டிட்டு வாரேன். சீருடையில சிந்திருச்சு போல."

அன்றைக்கு என்னை நடுங்க வைத்த அதே உட்காருதல்தான். இன்று அது வேறு சேதி சொன்னது. மருந்து வந்துகொண்டிருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. பொது ரோடு என்றும் பார்க்காமல் பாக்கெட்டிலிருந்து பந்தை எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கேதான் இருக்கும். "யாருடீ என் தங்கம்" என்று கீச்சுக் குரலில் கத்தினேன். இந்த முறை குரல் சிக்கவில்லை. வேன் டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். யாழினி சிரித்துவிட்டு, என் பின்னால் யாரையோ தேடினாள்.

"அங்கிள், நாய் உக்காந்துட்டுல்லா? அந்த போலீஸ் ஆன்ட்டி எங்க? ஷூ கழத்திட்டு வருவாங்களே."

அன்று மத்தியானமே சுரேஷுக்குப் போன் போட்டேன். "குட்டிக்குக் கத்துக்குடுடா. அது மூக்கு மேல எந்தத் தப்பும் இல்ல. அது உக்காந்தப்புறம் பின்னால யாரு வர்றாங்கன்றதுலதான் எல்லாம் கீது" என்றேன். "இன்னாண்ணாத்தே, சாமியார் கணக்கா பேசற" என்று கிண்டல் செய்தான். செய்யட்டும்.

சாயங்காலம் மங்கை மேடத்துக்குப் போன் செய்தேன். பூந்தமல்லியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வேன் முனையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லை என்று சொன்னேன். உங்களைத்தான் தேடினாள் மேடம் என்று சொன்னேன்.

பிறகு, வழக்கம்போல யாருக்கும் கேட்காத அந்தக் குரலில் கேட்டார்:

"ஏழுமலை, பந்து குடுத்தியா?"

"குடுத்தேன் மேடம்" என்றேன்.